மலை ஒத்துக்காதவன்

போடி,
மாசி, வியாழக்கிழமை.

என் ஆத்தா தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுறேன். சுகமா இருக்கியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். அதைக் கேக்குற முகம் எனக்கு இல்லை. அஞ்சு மாசமா நீ என் போனை எடுக்கலை. அது சரிதான். அதனாலதான் எழுதி, உங்க மலைக்கு ஜீப்பு ஓட்டுற தவசிகிட்டக் கொடுத்து விடுறேன்.

இங்கே சோலிக்குக் குறைவில்லை. கடைசிப் பறிப்புக் காய் இறங்கிக்கிட்டு இருக்கு. நாள் பூரா கடையில ஏலக்காய் மூட்டைக்கு வாய் தைக்கிறேன். வலது கண்ணு கொஞ்சம் மங்கல், ஊசி கோக்க நேரமாகுது. எதிர்வீட்டுக் கருத்தம்மாள் உன்னை விசாரிச்சுக்கிட்டே இருக்கா. நல்லா இருக்கான்னு சொல்லி வைக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

புரட்டாசியில உனக்கு ஏழு மாசப் பிள்ளை வயித்துலயே போயிருச்சுன்னு மாப்பிள்ளை பால்ராஜ் போன் பண்ணினாரு. பின்னால நீ பேசினே. "அப்பா, வர்றியா"ன்னு அவ்வளவுதான் கேட்டே. "எனக்கு மலை ஒத்துக்காதே ஆத்தா, வேணுங்கிறதைக் கொடுத்து விடுறேன்"னு நான் சொன்னேன். பூண்டு, கருவாடு, புதுப் போர்வை எல்லாம் கட்டி அனுப்பினேன். போர்வையை மடிப்புக் கலையாம அதே ஜீப்புல நீ திருப்பி விட்டே. கடையில எல்லாரும் பார்க்கத் தவசி அதை என் கையில கொடுத்தான். "கலரு பிடிக்கலையாம்"னு சொல்லிச் சிரிச்சேன்.

கார்த்திகையில ஒண்ணு நடந்துச்சு. உனக்கு இதுவரை தெரியாது.

எங்கூட மூட்டை தூக்குற கன்னையனோட தம்பி சுருளி, பூப்பாறைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுல காய் உலர்த்துற கூரையிலிருந்து விழுந்துட்டான்னு மத்தியானம் சேதி வந்துச்சு. கன்னையனுக்குக் கை கால் ஓடலை. வேட்டியைக் கூட நான்தான் கட்டிவிட்டேன். கடை முதலாளி, தவசியோட ஜீப்பை அனுப்பினாரு. கன்னையனைத் தாங்கிப் பிடிச்சு ஏத்தினவன், அப்படியே நானும் ஏறி உக்காந்துட்டேன். வழி பூரா அவன் என் தோளுல சாஞ்சு அழுதான். எத்தனை வளைவு போச்சுன்னு எனக்குத் தெரியாது. சுருளிக்குக் கால்தான் முறிஞ்சிருந்துச்சு, உசுருக்கு ஒண்ணுமில்லை. கன்னையனை அங்கே விட்டுட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டுத் திரும்பினோம்.

பாதி வழியில தவசி கேட்டான்: "ஏண்ணே, உங்களுக்கு மலை ஒத்துக்காதும்பீங்க. கல்லு மாதிரி உக்காந்து வர்றீங்க?" அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அவன் சமதரையா ஒரு இடத்துல வண்டியை நிப்பாட்டி, இடது பக்கம் போற மண்ரோட்டைக் காட்டினான். "செல்வி வீடு உள்ளதான் இருக்கு. நடந்தா பத்து நிமிசம். எறங்குறீங்களா?"

போகும்போதும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கேன். மகளைக் கட்டிக் கொடுத்து நாலு வருஷமாச்சு, அவ இருக்கிற இடத்துக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு நான் ஒருத்தரைக் கூடக் கேட்டதில்லை.

நின்னுக்கிட்டிருந்த ஜீப்புல, ஆத்தா, வளைவும் இல்லை, ஆட்டமும் இல்லை, எனக்கு வயித்தைப் பிரட்டி வாந்தி வந்துருச்சு. "ஓட்டுடா"ன்னு சொன்னேன். தவசி வண்டியை எடுத்தான்.

அதுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கலை. மலை ஒத்துக்காதுங்கிற நினைப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். பத்து வயசுல எங்க ஐயா, உன் தாத்தா, என்னை லாரியில மேல கூட்டிட்டுப் போனாரு. நான் கக்கினேன். "இவன் மலைக்கு ஆகாத பய"ன்னு ஆளுக முன்னாடி சொல்லிச் சிரிச்சாரு. அன்னைக்குக் கூசிப்போனவன், வளர்ந்ததும் அதையே வசதியா வச்சுக்கிட்டேன். உன் கல்யாணத்துக்கு முன்ன மாப்பிள்ளை வீடு பார்க்க உன் மாமனை அனுப்பினேன். உங்க அம்மா குருவம்மாள் தேனி ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும், வாடை ஒத்துக்காதுன்னு வாசல்லயே நின்னேன். நீதான் உள்ளே இருந்தே. கடைசியா அவ என்னைத் தேடினாளான்னு இன்னைக்கு வரைக்கும் உங்கிட்டக் கேக்கலை. கேக்கப் பயம். எனக்கு ஒத்துக்காதது மலையும் இல்லை, மருந்து வாடையும் இல்லை. எம் மனுசங்க வலியில கிடக்கிறதை நேரா பார்க்கத்தான் ஒத்துக்கலை. யாருக்குத்தான் அது ஒத்துக்கும்? மத்தவங்க எல்லாம் பார்க்கலையா? நீ பார்க்கலையா?

தை பிறந்ததிலிருந்து ஞாயித்துக்கிழமைதோறும் பஸ் ஏறுறேன். முதல் வாரம் அடிவாரத்துல முந்தல் செக்போஸ்டுலயே இறங்கித் திரும்பிட்டேன். ரெண்டாவது வாரமும் அப்படியே. மூணாவது வாரம் பாதி மலையில நிஜமாவே வாந்தி வந்துச்சு. பக்கத்துல இருந்த ஒரு பொம்பளை எலுமிச்சம்பழம் கொடுத்தா. வாயைத் துடைச்சுக்கிட்டு உக்காந்தேன். மலை உச்சி போடிமெட்டு வந்துருச்சு. அவ்வளவுதான், ஆத்தா. துடைச்சுக்கிட்டாப் போதும். இதுக்குப் போயி ஒரு ஆயுசு பூரா ஓடி ஒளிஞ்சிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை உன் மண்ரோட்டுக்கே வந்துட்டேன். குழாயடியில ஒரு பொண்ணு குனிஞ்சு தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீயா, வேற ஆளான்னு என் கண்ணுக்குத் தெரியலை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை. திரும்பி நடந்து பஸ் ஏறிட்டேன். இதையும் மறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன். நான் இன்னும் முழுசா மாறிடலை.

வர்ற ஞாயித்துக்கிழமை முதல் பஸ்சுக்கு வர்றேன். இந்தத் தடவை வாசல் வரைக்கும் வருவேன். எனக்குன்னு ஒண்ணும் ஆக்கி வைக்காதே. கதவைத் திறக்க மனசு வரலைன்னாத் திறக்காதே, நான் வெளியில கொஞ்சம் உக்காந்திருந்துட்டுப் போறேன். அதுக்கு அடுத்த வாரமும் வருவேன்.

மன்னிச்சிருன்னு கேக்க மாட்டேன். அது நீயா கொடுத்தா உண்டு. கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பிள்ளையைப் புதைச்ச இடத்தை எனக்குக் காட்டு. ஆணா பொண்ணான்னு கூட நான் அன்னைக்குக் கேக்கலை. அதை நீ உன் வாயால சொல்லணும், நான் பக்கத்துல நின்னு கேக்கணும்.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, என் தாயே. குளிருல வெறுங்காலோட நடக்காதே.

உன் அப்பா,
சோணை