கனகு போட்ட பெட்டைக்குட்டி

திருப்பதி
19-11-1956

பாசமுள்ள அக்கா செங்கம்மாவுக்குத் தம்பி முனிகிருஷ்ணன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் லட்சுமியும் பையன் தாமோதரனும் மலையப்பன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் உன் பிள்ளை முனிரத்தினமும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

அக்கா, மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேலே படி. நம்ம கனகு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை வலி கண்டது. வயசான உடம்பு, தாங்கவில்லை. குட்டி பெட்டைதான், நீ ஆசைப்பட்டபடியே. ஆனால் அதுவும் பிழைக்கவில்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் பெரிய குழியாகத் தோண்டி, குட்டியை அவள் வயிற்றோடு அணைத்தாற்போல வைத்துப் புதைத்தேன். மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன்.

பிரசவத்துக்கு என்று என்னை நம்பி அனுப்பினாய். என்னைத் திட்டி எழுது அக்கா, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அன்புத் தம்பி
முனிகிருஷ்ணன்


வரதய்யபாளையம்
27-11-1956

என் கூடப்பிறந்த தம்பி முனிகிருஷ்ணனுக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் குடும்பமும் நல்லா இருக்கணும்.

உன் கடுதாசி வந்த அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. மருமகள் ரத்தினம்மா, “ஒரு குதிரைக்கா அத்தை இப்டி அழுதுகினு இருக்கீங்க?” என்று கேட்டாள். நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்?

உனக்குத் தெரியும். உன் மாமா நாகலாபுரம் சந்தையிலிருந்து அவளை ஓட்டிக்கொண்டு வந்தபோது அவளை வேறு யாரும் கேட்கவே இல்லை. இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்குகிற இடத்தில், மயிர் வட்டம் போட்டிருந்தது. கண்ணீர்ச் சுழி, வாங்கின வீட்டை அழ வைக்கும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். என் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, “கண்ல தண்ணி வழியற கழுதய எதுக்குடா இட்டாந்த? உள்ள வுடமாட்டேன்” என்றாள். அந்தக் கிழவி செத்தும் அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அந்தக் கழுதைதான் தடா ஸ்டேஷனுக்கு ஜட்கா இழுத்து அவளுக்கும் சேர்த்துக் கஞ்சி ஊற்றியது. அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதுதான்.

கனகுவின் தலைச்சன் குட்டி ராமுவை உனக்குச் சும்மா பிடித்துக் கொடுத்தேன். “ஸ்டேஷன்ல ஒரு வண்டி போட்டா பொழச்சுக்குவேன்க்கா” என்று வந்து நின்றாயே. அப்புறம் போட்டதெல்லாம் ஆண்குட்டி. எல்லாம் விற்று வயிற்றுக்குப் போயிற்று. ஒரே ஒரு பெட்டையாவது என் கொட்டகையில் நிற்க வேண்டும், அவள் வம்சம் இந்த வீட்டில் விளங்க வேண்டும் என்றுதான் தள்ளாத வயசில் இன்னொரு தரம் சினைப்படுத்தி உன்னிடம் விட்டேன். பெட்டையென்றால் எனக்கு, ஆணென்றால் உனக்கு. அவள் பிடரியில் கை வைத்துச் சொன்னாய்.

போகட்டும். உன்னைத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? குட்டியை அவள் வயிற்றோடு வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய், அந்த மட்டும் மனசு ஆறுகிறது. அந்தக் குட்டிக்கும் கண்ணுக்குக் கீழே சுழி இருந்ததா? அதை எழுது.

அக்கா
செங்கம்மா


திருப்பதி
20-4-1960

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. சேலை வந்து சேர்ந்ததா? போன பொங்கலுக்கே அனுப்ப வேண்டியது, கை வரவில்லை.

கார்த்திகை தவறாமல் கனகுவுக்குக் கொள்ளு வேகவைத்து வைப்பதாகவும், குட்டிக்கென்று தனியாக ஒரு கைப்பிடி வைப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியபோது லட்சுமி அழுதுவிட்டாள். சுழியைப் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறாய். அந்த நேரத்துத் துக்கத்தில் நான் கவனிக்கவில்லை அக்கா.

இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து உங்கள் பக்கமும் ஆந்திராவாகிவிட்டது. இனிமேல் உன் பேரன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிப்பான், நீ அவனோடு சண்டை பிடிப்பாய். ஆபீஸ் காரியம் எதற்கும் செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டாம், எல்லாம் சித்தூர்தான். ஆனால் நீ அத்தனை தூரம் பஸ்ஸில் அலையாதே. எனக்கு ஒரு கார்டு போட்டால் நானே போய் முடித்துக் கொடுக்கிறேன். தாமோதரனுக்கு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலை கிடைத்துவிட்டது. உன் ஆசீர்வாதம்.

உன் அன்புத் தம்பி
முனிகிருஷ்ணன்


வரதய்யபாளையம்
24-5-1961

முனிகிருஷ்ணனுக்கு.

நான் சித்தூர் போய் வந்தேன். ஏரிக்கால்வாய்த் தகராறு முற்றிப்போய் மனு கொடுக்க வேண்டி வந்தது. உனக்குக் கார்டு போடலாம் என்றான் முனிரத்தினம். தம்பிக்கு எதற்குத் தொந்தரவு என்று நான்தான் தடுத்தேன்.

அவன் மனுவைத் தெலுங்கில் எழுதி வாங்கப் போனான். நான் மாங்காய் மண்டி வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு ஜட்கா வந்து நின்றது. செவலைக் குதிரை. நின்றதும் கழுத்தைத் திருப்பி, இறங்குகிற ஆளை மேலும் கீழும் பார்த்தது. கனகு ஒருத்திதான் அப்படிப் பார்ப்பாள், சில்லறை கொடுக்காமல் போய்விடுவானோ என்கிற மாதிரி. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே, சுழி இருக்க வேண்டிய இடத்தில், காசு அகலத்துக்குச் சூடு போட்ட வடு. மயிரே இல்லை.

வண்டிக்காரன் பெயர் கங்கையா. “ஏம்மா, குதிரைய அப்டிப் பாக்கற? கண்ணு வெக்காத” என்றான்.

“இது யார் ஊட்டுக் குதிரைப்பா?”

“எங்க மண்டி முதலாளி நாகபூஷணம் ஊட்டுது. திருப்பதி ஸ்டேஷன் முனிகிருஷ்ணன் கொடுத்தது. பொறந்தப்பவே தாய் செத்துப்போச்சாம். அவர் பொண்டாட்டி ஆட்டுப்பால் ஊத்தி வளத்தாங்களாம். நல்ல ராசி, இத வாங்கனதுலேருந்து முதலாளிக்கு ஏறுமுகந்தான்.”

வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குட்டி ஓடி வந்து தாயின் மடியில் முட்டியது. பெட்டை. அதன் இடது கண்ணுக்குக் கீழே சுழி அப்படியே இருந்தது. தாய்க்குப் போட்ட சூடு பிள்ளைக்குப் போகுமா? நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். கங்கையா தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். எந்த ஊர் என்று கேட்டான். உன் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் செங்கல்பட்டுப் பக்கம் போகிறவள், சித்தூர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று நினைத்தாய். எல்லைக் கோட்டை இந்தப் பக்கம் மாற்றிப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியாமல் போய்விட்டது. லட்சுமி எதற்கு அழுதாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

நீ என்ன எழுதப் போகிறாய் என்று பார்க்கிறேன்.

செங்கம்மா


திருப்பதி
11-6-1961

அக்கா,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன். எல்லாம் உண்மை. குட்டி பிறந்ததும் வைத்தியர், “இந்த மாதிரிக் குட்டிய நான் இந்தப் பக்கத்துல பாத்ததில்ல” என்றார். தாமோதரனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஜட்கா ஓட்டி அவன் பிழைக்கமாட்டான் என்று தெரியும். அன்றைக்கே எனக்குப் புத்தி கெட்டது. அக்காவிடம் கேட்டால் கொடுக்கமாட்டாள் என்று தோன்றியது. நாகபூஷணத்தால் பஸ் கம்பெனியில் சொல்லி வேலை வாங்கித் தர முடியும். சுழியோடு யாரும் வாங்கமாட்டார்கள் என்றுதான் சூடு போட்டேன். லட்சுமி குறுக்கே விழுந்து தடுத்தாள். எல்லைத் தகராறு வேறு, நீங்கள் எந்தப் பக்கம் போவீர்களோ, குட்டியை எப்படி அனுப்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கனகுவைப் புதைத்தது மட்டும் சத்தியம்.

நேற்று சித்தூர் போய் முதலாளியிடம் அழுது, அந்தச் சுழிக் குட்டியைக் கேட்டு வாங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக என் வண்டியை அவரிடம் விட்டுவிட்டேன். இனி ராமுவுக்கும் எனக்கும் ஓய்வுதான். குட்டி பால் மறந்ததும் நானே நடத்திக்கொண்டு வந்து உன் கொட்டகையில் கட்டுகிறேன். ஒரு வாய் சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

தம்பி
முனிகிருஷ்ணன்


வரதய்யபாளையம்
2-7-1961

திருப்பதி ஜட்கா ஸ்டாண்டு முனிகிருஷ்ணன் அவர்களுக்குச் செங்கம்மா எழுதுவது.

குட்டி வரட்டும். நீங்கள் வர வேண்டாம்.

கேட்டால் கொடுத்திருக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைச்சனைக் கேட்டபோது கொடுத்தேனா இல்லையா? பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று திருடியதைக்கூட நான் ஒரு நாள் மன்னித்திருப்பேன். வயிற்றோடு அணைத்தாற்போல வைத்தேன் என்று எழுதினீர்களே, அதை யார் எழுதச் சொன்னது? செத்தது என்று எழுதினாலே நான் நம்பியிருப்பேனே. உயிரோடு ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிக்கு நான் வருஷா வருஷம் கொள்ளு படைத்து அழுதிருக்கிறேன். அதையும் படித்துவிட்டு எனக்குச் சேலை அனுப்பினீர்கள்.

அந்தச் சேலையை முனியப்பன் கொண்டு வருகிறான், வாங்கிக்கொள்ளுங்கள். அவன் எங்கள் வீட்டு ஆள். குட்டியின் கயிற்றை அவன் கையில் கொடுக்கவும். வண்டி இல்லையென்றால் ராமுவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அவன் கயிற்றையும் முனியப்பனிடமே கொடுத்துவிடுங்கள். அவன் கனகு பெற்ற பிள்ளை, இங்கே அவனுக்கு இடம் உண்டு. குட்டிக்கும் வழித்துணையாக இருப்பான்.

வழியில் சுழியைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முகத்தில் இரும்பு படாமல் வந்து சேர வேண்டும்.

லட்சுமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு
செங்கம்மா