பிப்ரவரிக்கு முந்திய மதிப்பெண்கள்

மெய்ன்,
நவம்பர் 16, சனிக்கிழமை

அன்புள்ள மகள் மிரேய்க்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், அந்த அரிசோனா வெயிலில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் எழுந்ததும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே செவ்வாய்க்கிழமை முதல் பனி விழுந்துவிட்டது, ஆற்றோரம் மட்டும் இன்னும் உறையவில்லை. வியாழக்கிழமை நீ போன் செய்தபோது ஒரு வார்த்தையும் பேசாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். முப்பது வயதில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று பெண் சொல்கிறாள், பெற்றவள் வாயைத் திறக்காமல் வைத்துவிட்டாளே என்று நீ எப்படித் துடித்திருப்பாய். அப்பா உன்னைத் திரும்பக் கூப்பிட்டு, நான் அடுப்பில் எதையோ வைத்திருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தாராம். அடுப்பில் ஒன்றும் இல்லை மிரேய். நீ ஒரே மூச்சில் இரண்டு சேதி சொன்னாய். "அம்மா, கெடச்சிருச்சும்மா" என்றாய், நான் சிலுவை போடக் கையைத் தூக்கினேன், அதற்குள், "இன்டர்வியூல நீ எழுதின கடிதத்தப் பத்திக் கேட்டாங்கம்மா. எங்கம்மா பொய் சொல்லல, அவங்க அப்படித்தான் நம்புறாங்க, ஆனா என் தம்பி சாகறதுக்கு முன்னாடியே நான் ஃபெயிலுதான்னு சொல்லிட்டேன்" என்றாய். தூக்கிய கை நெற்றிக்கும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அன்றைக்குப் போனில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

ஜூலையில் நீ விண்ணப்பம் போடப்போகிறேன் என்று சொன்னபோதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்புலன்ஸில் நல்ல வேலை, உன்னைக் கண்டால் அங்கே எல்லோருக்கும் மரியாதை, இந்த வயதில், கல்லூரியில் அந்த மதிப்பெண் வாங்கியவளை யார் டாக்டருக்குச் சேர்ப்பார்கள் என்று உன்னிடமே கேட்டேன். சாயங்கால வகுப்பில் சேர்ந்து நாலு வருடமாக எல்லாப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்துத் தேறியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். நாலு வருடம் எங்களுக்குத் தெரியாது. பழைய மதிப்பெண் ஏன் அவ்வளவு மோசம் என்று தனியாக ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், தம்பி லூக் போனதைப் பற்றி எழுதச் சொல்லி ஆலோசகர் வற்புறுத்துகிறார், "லூக்க நான் எழுதமாட்டேம்மா" என்று சொல்லி முடித்துவிட்டாய். எழுதினால் உடைந்துபோவாய், அதனால்தான் மறுக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக நான் வேறெப்படியும் நினைத்ததில்லை. பிள்ளை போனான், அவனோடு பெண்ணின் படிப்பும் போயிற்று என்று பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன் என்று ஆகஸ்டில் உட்கார்ந்தேன். நீ எதில் அதிக ஆசை வைத்திருந்தாயோ அந்தக் கல்லூரிக்கே எழுதினேன், கையால் நாலு பக்கம். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி லூக் உறைந்த ஏரிமேல் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து வண்டியோடு உள்ளே போனது, நீ கல்லூரியிலிருந்து ஓடி வந்து அவனுடைய ஜாக்கெட்டை அடையாளம் காட்டியது, அதற்குப் பிறகு உன்னால் புத்தகத்தைத் திறக்கவே முடியாமல் போனது, எல்லாம் எழுதினேன். அப்பாவிடமும் சொல்லாமல் தபாலில் போட்டுவிட்டு, பெண்ணுக்கு ஒரு நல்லது செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செப்டம்பர் கடைசியில் உருளைக்கிழங்கு எடுக்கிற விடுமுறை, பள்ளிக்கூடம் மூடியிருந்தது, நான் வீட்டில் கல்லில் ப்ளோய் அப்பம் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் பழைய கல்லூரியிலிருந்து உன் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. வழக்கமாக வருகிற பழைய மாணவர் சங்கக் கடிதம் என்று பிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ கேட்டு வாங்கிய மதிப்பெண் பட்டியலை இந்த வீட்டு முகவரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். கையில் கரண்டியோடு நின்றபடியே படித்தேன். இரண்டாம் வருடம் முதல் பருவம், வேதியியலில் தோல்வி, இயற்பியலில் தட்டுத்தடுமாறி ஒரு டி. அடுத்த பருவம் அதே வேதியியலில் மறுபடி தோல்வி. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் இன்னும் மோசம், இப்படியே போனால் நீக்கிவிடுவோம் என்று எச்சரிக்கை, அதற்குத் தேதி டிசம்பர். லூக் போனது அதற்கு அடுத்த பிப்ரவரி. நான் விரலை வைத்து மூன்று தடவை எண்ணினேன், தேதி மாறவில்லை. அதைவிட அடுத்த வரி என்னை உட்காரவைத்துவிட்டது. பையனைப் புதைத்த அந்தப் பருவத்தில் உனக்கு வேதியியலில் பி பிளஸ், உயிரியலில் ஏ மைனஸ். நான் தலைகூட வாராமல் கிடந்த மாதங்கள் அவை மிரேய். அப்பா யாரோடும் பேசாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மாதங்கள். அந்த நேரத்தில் உனக்கு எப்படி ஏ மைனஸ் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கல்லில் ஊற்றிய ப்ளோய் கரியாகி வீடெல்லாம் புகை.

அந்தப் புகையோடேயே கோட்டை மாட்டிக்கொண்டு உன் அத்தை பெர்னதெத் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடமாக அந்த வாசற்படியை நான் மிதித்ததில்லை, ஏனென்று உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெண்ணின் படிப்பும் போயிற்று என்று நான் அழுததற்கு, "அவ முன்னாடியே படிக்கல ஒதில், செத்த புள்ள தலையில அதையும் போடாத" என்று என் பெயரைக் கூப்பிட்டே எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள். தட்டை அவள் காலடியில் எறிந்துவிட்டு வந்தவள் நான். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து, "என்ன, என் அண்ணன் செத்துட்டானா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன். "அப்ப உள்ள வா, குளிர் வருது" என்றாள். அவ்வளவுதான், ஒன்பது வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பட்டியலை மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, நீ இரண்டாம் வருடமே அவளுக்கு போன் செய்து அழுததையும், என்னிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். "ஏன்டி படிக்கலன்னு கேட்டேன். பாடம் புரியல அத்தை, கைய தூக்கிக் கேக்க வெட்கமா இருக்குன்னா. ஊர்ல பத்தொன்பது பேருல மொதல்ல வந்தவ இல்ல, அந்தக் கிரீடத்த யார்கிட்ட கழட்டிக் குடுப்பா" என்றாள். தம்பி போன பிறகு மட்டும் எப்படித் தேறினாள் என்று நான் கேட்டேன். "அதையும் கேட்டேன் ஒதில். இனிமே வெட்கப்பட என்ன இருக்கு அத்தை, முன்வரிசையில போய் உக்காந்து புரியலன்னு கேட்டேன்னா. ஆனா சராசரி அதுக்குள்ள குழியில விழுந்திருச்சு, மேல வரல" என்றாள். பதினெட்டு வயதுவரை நீ முதல் வந்ததைத் தவிர நாங்கள் உன்னிடம் வேறெதையும் கேட்டதில்லை. புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டில் உனக்கு இடமிருந்ததா என்று யோசித்தபடியே திரும்பி வந்தேன்.

அப்புறம்தான் என் நாலு பக்கம் நினைவுக்கு வந்தது. நான் எழுதினது முழுக்கத் தப்பு. நீ உண்மையை எழுதி அனுப்பியிருப்பாய், அதற்கு எதிராக உன்னைப் பெற்றவளே கையெழுத்துப் போட்டு இன்னொரு கதை அனுப்பியிருக்கிறேன், பார்க்கிறவன் இரண்டில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றுதானே நினைப்பான். மறுநாள் காலையிலேயே அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண், "பெத்தவங்க எழுதுறத நாங்க ஃபைல்ல சேக்கறதில்லம்மா, வந்திருந்தா தனியா எடுத்து வச்சிருப்போம்" என்று அன்பாகத்தான் சொன்னாள். நான் அதை நம்பினேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அக்டோபர் முழுக்க நீ நேர்காணலுக்குத் தயாரானதையும், கறுப்புக் கோட்டு வாங்கினதையும் போனில் சொல்லச் சொல்ல, நான் அந்தப் பெண் சொன்னதையே பிடித்துக்கொண்டு, சரி சரி என்றேன். கடைசியில் அவர்கள் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன தம்பியைப் பற்றி அந்நியர்கள் முன்னால் நீ வாய் திறக்கவேண்டி வந்தது என்னால். எதைச் செய்யமாட்டேன் என்று நீ பிடிவாதமாக நின்றாயோ அதை நான் செய்துவிட்டேன். அதற்கும் மேலே அங்கே உட்கார்ந்து எனக்காகவும் பேசியிருக்கிறாய். அந்த இடம் உனக்கு அதனால் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. நீயும் அதைத் தோண்டிப் பார்க்காதே.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். கடிதம் போட்டதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை, பட்டியலைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, தேதிமேல் விரலை வைத்துப் போனார். டிசம்பரில் வந்து நிறுத்தினார். திரும்ப மேலே போனார், திரும்ப டிசம்பருக்கு வந்தார். "இதெல்லாம் லூக்குக்கு முன்னாடியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இவ படிப்பு கெட்டது என்னால இல்லயா ஒதில்?" என்று கேட்டார் மிரேய். அன்றைக்கு ஏரி தாங்கும் என்று சொல்லி வண்டிச் சாவியை லூக்கிடம் கொடுத்தது அவர்தான், அதை அவர் சுமக்கிறார் என்று எனக்குத் தெரியும், நாம் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசினதில்லை. ஆனால் உன் படிப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார், ஒரு பிள்ளையைக் கொன்றோம், இன்னொன்றின் வாழ்க்கையைக் கெடுத்தோம் என்று. அதை அவர் தலையில் ஏற்றியது வேறு யாருமில்லை, சாப்பாட்டு மேசையிலும் கோயில் வாசலிலும் ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நான்தான். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டுதான் சொல்லியிருக்கிறேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டேன், தரவில்லை, "இருக்கட்டும்" என்றார். உனக்கு வேண்டுமென்றால் கல்லூரியிலிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்.

வேறு சேதி பெரிதாக இல்லை. பெர்னதெத் நாளை இங்கே சாப்பிட வருகிறாள், என் கோழிக் குழம்பில் உப்பு எப்போதும் குறைவு என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். ப்ளோய் மாவு இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஆம்புலன்ஸில் கிடைத்ததைத் தின்றுவிட்டு ஓடாதே, உட்கார்ந்து சாப்பிடு. அங்கே வகுப்பு ஆரம்பித்ததும் பாடம் புரியவில்லையென்றால் வாத்தியாரிடம் கேள், எங்களிடமும் சொல், எங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்காது, இருந்தாலும் சொல். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. என்னை மன்னிக்க உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் வருகிற ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு மறக்காமல் போன் செய், அப்பாதான் எடுப்பார். வாழ்த்தெல்லாம் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதைப் பேசவேண்டாம். அந்த இரண்டாம் வருடம் நீ எவ்வளவு மோசமாகப் படித்தாய் என்று உன் வாயாலேயே அவரிடம் விவரமாகச் சொல், ஒன்றுவிடாமல், எத்தனை தடவை கேட்டாலும் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஒதில்