அத்தையாக இருந்தாலும்

சிட்னி
பிப்ரவரி 6, 1994

அன்பும் மரியாதையும் உரிய அண்ணி தோகிலூபே அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி அனாசேனி எழுதுவது. நாங்கள் இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வந்த மறுநாளே உங்கள் தம்பி ஹெனெலி கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அதே பள்ளிக்கூடம், அதே துடைப்பம். நீங்கள் ஆசையாகச் சமைத்துக் கட்டிக் கொடுத்த சேப்பங்கிழங்கு இலைப் பொதியை விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். தேங்காய்ப்பால் வாசனை கையிலேயே இருந்தது. வழி நெடுக அழுதுகொண்டு வந்தேன். பொதிக்காக அழுகிறேன் என்று ஹெனெலி நினைத்துக்கொண்டார்.

என் மகள் வீகா எப்படி இருக்கிறாள்? அவளையும் கூட்டி வர இந்த வீட்டில் இன்னும் இடம் போதவில்லை. கிறிஸ்துமஸ் படங்கள் கழுவி வந்தன. எல்லாப் படத்திலும் அவள் உங்கள் மடியில்தான் இருக்கிறாள். ஒரே ஒரு படத்தில் என் பக்கத்தில் நிற்கிறாள், அதிலும் முகம் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை அண்ணி. பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இப்போது அவள் கடல் நடுவே போட்ட கல்பாதை வழியாக நெயாஃபு பள்ளிக்குத் தனியாகப் பேருந்தில் போகிறாள். நேரத்தோடு வீடு திரும்புகிறாளா என்று பாருங்கள். அந்தக் கல்பாதையில் அலை ஏறும்போது ஓரமாக நடக்க விடாதீர்கள். கண்டவர் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லி வையுங்கள். இங்கே நான் பெருக்குகிற பள்ளிக்கு ஒரு போலீஸ்காரி வந்து பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். வாளியோடு வாசலில் நின்று நானும் கேட்டேன். நம் ஊரில் இதெல்லாம் எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பெற்ற வயிறு பதறுகிறது.

உங்கள்
அனாசேனி


வவாவு
மார்ச் 1

என் தம்பியைக் கட்டிக்கொண்டவளுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் சுகம், என் பன்றிகளும் சுகம், ரொட்டிக் கடையும் ஓடுகிறது. உன் மகள் போன மாதத்தைவிட உயரம். பெற்ற வயிறு பதறுகிறது என்று எழுதியிருக்கிறாய். வளர்க்கிற வயிற்றுக்கு வேலையே இல்லை பார், அது சும்மா இருக்கிறது.

நன்றாகவே சிரித்தேன். இந்தத் தீவில் ஒரு பிள்ளை தும்மினால் அடுத்த கிராமத்தில் கேட்கும். இங்கே யார் வண்டி கண்டவர் வண்டி? எல்லாரும் அவளுக்குச் சித்தப்பன், மாமன், சின்னம்மா. ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டால் உனக்கும் சிரிப்பு வரும். மழை வருகிறதே என்று போதகர் மனைவி பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி இவளைக் கூப்பிட்டிருக்கிறாள். உன் மகள் கையைக் கட்டிக்கொண்டு, "வார்த்தை என்ன? சொல்லுங்க, ஏறுறேன்" என்றாளாம். நீ சொல்லி வைத்த ரகசிய வார்த்தையாம், அது தெரிந்தவர்களோடுதான் போவாளாம்.

அந்த அம்மாள் நேரே என் கடைக்கு வந்து, "தோகிலூபே, உன் மருமக என்னைப் பிள்ளை புடிக்கிறவன்னு நெனைச்சுட்டாடி" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ரொட்டி வாங்க நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விமான நிலையத்தில் குனிந்து அவள் காதில் நீ ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். கேட்டால் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். என்னிடம் ஒளிக்க அவளுக்கு இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகவே சொல்கிறேன். அந்த வார்த்தையை எழுதி அனுப்பு.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நான் அவள் அப்பனோடு பிறந்தவள். அத்தை வாய் திறந்து பிள்ளையைத் தனக்கென்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. நான் இதுவரை கேட்கவில்லை. கேட்க வைக்காதே.

தோகிலூபே


சிட்னி
மார்ச் 13

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். கடைசி வரிகளை ஹெனெலியிடம் காட்டினேன். "அக்கா கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தின்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

வார்த்தையை எழுத மாட்டேன். என்னை மன்னியுங்கள், மன்னிக்காவிட்டாலும் சரி. அவள் பிறந்தபோது பெயர் வைத்தது நீங்கள். உங்கள் அம்மாவின் பெயர். யாரும் என்னைக் கேட்கவில்லை. முதல் முடி எடுத்தது நீங்கள், ஞானஸ்நானத்தில் தூக்கிக்கொண்டு நின்றது நீங்கள். காய்ச்சல் வந்தால் உங்கள் மடி. கல்யாணம் என்று வந்தாலும் முதல் பாயில் நீங்கள்தான் உட்காருவீர்கள், நான் அடுப்படியில் இருப்பேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, வழக்கம் அப்படி. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது அண்ணி. அவள் இங்கிலீஷில் எழுதுகிற முதல் கடிதத்தைக்கூட நீங்கள் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறாள். "அத்தை சொன்னாங்க, நான் நல்லா இருக்கேனாம்" என்று எழுதுகிறாள்.

அவளும் நானும் மட்டும் தெரிந்துகொண்ட ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

மே மாதப் பிள்ளைகள் ஞாயிறுக்கு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்புகிறேன். கோவிலில் வசனம் சொல்லும்போது அதைத்தான் போட வேண்டும். நீங்களும் ஒன்று தைத்து வைத்திருப்பீர்கள் என்று தெரியும்.

அனாசேனி


வவாவு
ஏப்ரல் 2

அனாசேனிக்கு,

முதலில் இதைப் படி: வீகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. இப்போது உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைப் படி.

போன வாரம் புயல் அடித்தது. காலையில் வானம் சாதாரணமாக இருந்தது, மதியத்துக்குள் வானொலியில் எச்சரிக்கை வந்துவிட்டது. பள்ளியை மூடிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். பேருந்து ஓடவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி வர நான்தான் என் கடையில் வேலை செய்கிற சைமோனேயை வண்டியோடு அனுப்பினேன். எல்லாப் பிள்ளைகளும் ஏறின. உன் மகள் மட்டும் வார்த்தை கேட்டாள். அவன், "என்னடி வார்த்தை, ஏறுடி, காத்து தூக்கிட்டுப் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுக்கப் போனான். இவள் உதறிக்கொண்டு ஓடி, விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் என்ன செய்வான்? வண்டி நிறையப் பிள்ளைகள், கல்பாதையில் அலை ஏறத் தொடங்கிவிட்டது. அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

நான் நடந்து போனேன். திரும்பவும் வண்டி போக வழியில்லை. கல்பாதையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். என் உடம்பு கனத்தை நீ எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய். அன்றைக்கு அந்தக் கனம்தான் என்னைக் கடலில் விழாமல் நிறுத்தியது.

பள்ளியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பெரிய கோவிலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே பிள்ளை இருப்பது வாத்தியார்களுக்குத் தெரியாது, வண்டியில் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டினேன்.

"வீகா, நாந்தான். கதவத் தெற."

"வார்த்தையச் சொல்லுங்க அத்தை."

"அடியே, என் கொரல் தெரியலையா ஒனக்கு?"

"தெரியுது அத்தை. வார்த்தையச் சொல்லுங்க."

"அத்தை கிட்டேயா வார்த்தை கேக்குற?"

"அம்மா சொன்னாங்க. யாரு கூட்டிட்டுப் போக வந்தாலும் கேக்கணுமாம். அத்தையா இருந்தாலும்."

அத்தையாக இருந்தாலும். இதையும் சேர்த்துத்தான் அவள் காதில் சொன்னாயா அனாசேனி?

நான் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காற்றில், கதவில் வாயை வைத்து, எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொன்னேன். இயேசு என்றேன், சிட்னி என்றேன், உன் பெயர், உன் அம்மா பெயர், கங்காரு என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து, "இல்ல அத்தை, இன்னொண்ணு சொல்லிப் பாருங்க" என்று அழுகிறாள். நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தவிப்பு. ஆனால் கதவைத் திறக்கவில்லை.

அப்போது கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து வந்து என் தோளில் அடித்தது. கத்திவிட்டேன். உள்ளே அழுகை நின்றது. கதவின் அடியில் விரல் நுழைகிற இடைவெளி. அங்கே வாயை வைத்து, "அத்தை, நான் மெதுவா சொல்றேன். நீங்க அதத் திருப்பிச் சொல்லுங்க. அப்போ தெறக்கலாம்" என்றாள்.

ஹேய்லாலா என்று சொன்னாள். நானும் சொன்னேன். தாழ்ப்பாள் திறந்தது. அந்த வலைகளுக்கும் பந்துகளுக்கும் நடுவில் அவளை அணைத்துக்கொண்டு, காற்று ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"அதென்னடி, பூவோட பேரா வார்த்தை?" என்று கேட்டேன். "இல்ல அத்தை, அம்மா எனக்கு வைக்கணும்னு நெனைச்ச பேரு" என்றாள்.

நீ வீட்டுக்கு நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிட்டு, சாவியைச் சிட்னிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்தப் போலீஸ்காரி வார்த்தையைப் பெற்றவள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாளா? பிள்ளையை உண்மையில் கூட்டிவரப் போகிறவர்களிடம் சொல்லி வைக்கச் சொல்லியிருப்பாள். அதை மட்டும் நீ காதில் வாங்கவில்லை. தோளில் தையல் போட்டிருக்கிறது. எழுதக் கை வலிக்கிறது.

தோகிலூபே


சிட்னி
ஏப்ரல் 11

அண்ணி,

சொன்னேன். "அத்தையாக இருந்தாலும்" என்று நான்தான் சொன்னேன். விமானத்துக்குக் கூப்பிட்ட பிறகும் அவள் உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் சொன்னேன். நீங்கள் அந்தத் தண்ணீரில் நடந்ததை நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்கள் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவிவிட முடியாத தூரத்தில் இருக்கிறேன்.

அவள் உயிரோடு இருப்பது உங்களால்தான். இதை எழுதிவிட்டு அடுத்த வரியையும் எழுதுகிறேன், திட்டுங்கள். அவள் அந்த வார்த்தையைத் தானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று படித்தபோது, பிள்ளை பிழைத்தாளே என்ற சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்கு எரிந்தது. உலகத்தில் எனக்கென்று இருந்ததை அவளே எடுத்து உங்களிடம் கொடுத்துவிட்டாள்.

இனி நீங்கள் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கேட்டால் ஹெனெலி கொடுத்துவிடுவார், நானும் வாயை மூடிக்கொள்வேன். கேட்பதாக இருந்தால் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். தினமும் தபால் பெட்டியைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

அனாசேனி


வவாவு
மே 3

அனாசேனிக்கு,

பிள்ளைகள் ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. உன் மகள் வசனத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள். நீ அனுப்பிய சட்டையைத்தான் போட்டாள். நான் தைத்தது பெட்டியில் கிடக்கிறது. அதற்காக நான் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை என்பதையும் தெரிந்துகொள்.

அன்றைக்கு விருந்து முடிந்ததும் எல்லார் முன்னாலும் பிள்ளையைக் கேட்பதாகத்தான் இருந்தேன். போன வருஷமே முடிவு செய்து, அதற்கென்று ஒரு பன்றியையும் கொழுக்க வைத்திருந்தேன். பன்றியை அறுத்தோம், தின்றோம். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைக்காதே. அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சோறு ஊட்டியவள் நான். என் குரல் தெரிந்தது, என் இருமல் தெரிந்தது, நான் கெஞ்சுவது தெரிந்தது. இத்தனையும் போதவில்லை. கடல் தாண்டி இருக்கிற நீ ஒரு தடவை காதில் சொன்னது போதுமாக இருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது புயலைக்கூட நான் அப்படி வெறுக்கவில்லை, உன்னைத்தான் வெறுத்தேன். வழக்கம் எனக்கு அவளைக் கொடுக்கும். பெற்றவள் பேச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு கதவிலும் நின்று தட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அவள் அங்கே வருவதற்கான காகிதங்கள் தயாராகி நாளாயிற்று என்று ஹெனெலி எப்போதோ சொல்லிவிட்டான். வீட்டில் இடம் போதாது என்று இனிமேல் எழுதாதே. நெருங்கிப் படுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் போதகர் மனைவி மகளைப் பார்க்கச் சிட்னி வருகிறாள், அவளோடு அனுப்பி வைக்கிறேன். பிள்ளை புடிக்கிறவளோடுதான் வருகிறாள் என்று சிரித்துக்கொள்.

அந்த ஊரில் யாரும் யார் பிள்ளையையும் பார்க்க மாட்டார்கள் என்கிறார்கள். அப்படியானால் அங்கே வார்த்தை வேண்டும். வைத்துக்கொள். ஆனால் ஹெனெலிக்குச் சொல், பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருத்தி இருந்தால் அவளுக்கும் சொல், பள்ளியிலும் சொல்லி வை. நீ ஒருத்தி மட்டும் வைத்துக்கொள்ளாதே. வீகா என்ற பெயரை மாற்றினால் மட்டும் நான் விமானம் ஏறி வந்து உன்னை அடிப்பேன்.

அவள் மீனில் தலையை மட்டும்தான் தின்பாள். மழை பெய்தால் காலைப் பிடித்துவிட வேண்டும். வந்த புதிதில் தூக்கத்தில் "அத்தை, அத்தை" என்று கூப்பிடுவாள். கோபித்துக்கொள்ளாதே, எழுப்பாதே. பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிரு. நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் அவள் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தோகிலூபே