ரியாஸ் தள்ளிய மருந்துகள்

வெள்ளிக்கிழமை

என்னோடு வேலை பார்க்கும் ரியாஸ் தீக்காய வார்டையே ஆஸ்பத்திரியின் ஆன்டிபயாட்டிக் அறிக்கையிலிருந்து தூக்கிவிட்டான். அந்த அறிக்கைக்காக ஆய்வக அட்டவணையில் மருந்துக்கொன்றாக இருந்த பத்திகளை நான் மூன்று நாளாக ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன். அவன் ஒரே வரியில் கணினி நிரல் எழுதினான். பாதிக்கு மேல் காலியாக இருந்த பத்திகளை அது தள்ளிவிட்டது. மற்ற மருந்துகள் கேட்காதபோதுதான் கடைசிக்கட்ட மருந்துகளைச் சோதிப்பார்கள். அது பெரும்பாலும் தீக்காய வார்டில் கிடக்கும் பட்டாசுத் தொழிலாளிகளுக்குத்தான். அதனால்தான் அந்தப் பத்திகள் காலி. இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவார்கள்.

"அம்புட்டும் ஒரே வரியிலயா தம்பி!" என்று டாக்டர் அவனைத் தட்டிக்கொடுத்தார். தப்பை அங்கேயே சொல்லியிருக்கலாம்; பொறாமையில் விட்டுவிட்டேன்.

இப்போதுதான் ரியாஸுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஏலே, அந்த மருந்துகளைச் சேத்து அனுப்புலே. அறிக்கையில என் பேரையும் போடு."

பார்த்துவிட்டான்.