இரண்டு கல்லிலும் ஒரே கை

மச்சான், காயலோரத்து அடுக்குமாடிகளை வெடி வைத்துச் சாய்த்தார்களே, அந்த வருடம் அது. ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. நீ மட்டும் போகவில்லை. "புழுதியெல்லாம் துணியில ஏறி நாளைக்கு நம்மகிட்டதானே வரும், அப்பப் பாத்துக்கலாம்" என்றாய். அந்தப் புழுதி அடங்கியதும் நோய் வந்து ஊரைப் பூட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் நிம்மி நம் சலவைத் துறைக்கு வந்தாள்.

நேற்று மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கம் சாயா குடிக்க நின்றேன். கடைக்காரன் போனில் அவள் பாட்டு வந்தது. முதலில் நம் துறையில் துணி அடிக்கிற சத்தம்தானே வரும். ஒரு கல், மறு கல். ஒரு கல், மறு கல். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் காதில் அது நிற்கவில்லை. அதனால்தான் இதை உனக்குச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல ஜவுளிக்கடை ஆறுமுகம் எழுதுகிறார். நம் பிள்ளைகளுக்கு மலையாளம்தான் எழுத வரும், தமிழுக்கு இவரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிம்மிக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. பஜாரில் பழைய அரிசிக் கிட்டங்கியின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தாள். படுக்கை விரிப்பு கொடுக்க வந்தவள், துணியை மறந்துவிட்டு நம் இருவரையும் பார்த்தபடி நின்றாள். அவள் அறையில் தபலா இல்லை, ஆர்மோனியம் இல்லை. ஒரு பெட்டியும் ஒயர்களும்தான். அதுவரை அவள் செய்ததெல்லாம் வார்த்தையே இல்லாத சங்கீதம். இளசுகள் இருட்டு ஹாலில் ஆடுவதற்கு. பேப்பர்க்காரர்கள் அதைத்தான் தூக்கி வைத்து எழுதினார்களாம். இப்போது முதல் தடவையாக வார்த்தை வைத்து ஒரு சின்னப் பாட்டு போடப் போகிறாள். "ஆட்டோ ஓட்டறவங்க முணுமுணுக்கணும் சேட்டா, அப்படி ஒரு பாட்டு" என்றாள். அவளுக்கு அதில் பயமும் இருந்தது.

நாம் இருவரும் அடுத்தடுத்த கல். நீ அடிக்கும்போது நான் தூக்க வேண்டும், நான் அடிக்கும்போது நீ. மாறிவிட்டால் அழுக்குத் தண்ணீர் அடுத்தவன் முகத்தில் தெறிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே நமக்குள் வந்துவிட்ட பழக்கம். என் தங்கை செல்லம்மாவை உனக்குக் கொடுக்கும்போது என் அப்பா சொன்ன காரணமே அதுதான்: "இவன் மேல அவன் ஒரு சொட்டு தெறிக்க விட்டதில்ல."

உன் வலது கை மரத்துப்போன பிறகு அந்த ஓட்டம் கெட்டது. 'ஹூம்' என்று மூச்சு வரும், அடி உடனே வராது. கொஞ்சம் பொறுத்துத்தான் விழும், அதுவும் இரண்டாய் உடைந்து விழும். நான் விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கியபடி நிற்பேன். உன் அடி விழுந்த பிறகு என்னுடையதை இறக்குவேன்.

பாட்டுக்குத் தாளமாக நம் அடிச் சத்தத்தைப் பிடிக்க வந்த நிம்மிக்கு ஒவ்வொரு கல்லும் தனியாக வேண்டியிருந்தது. ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருந்தால்தான் பெட்டிக்குள் அடுக்க முடியுமாம். முதலில் நான் அடித்தேன். "ஒந்நு கூடி, சேட்டா" என்று இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள். பிறகு நீ. எல்லாம் முடிந்து போட்டுக் காட்டினாள். என்னுடையது கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. உன்னுடையது நொண்டியது. "இதும் எனக்கு இஷ்டப்பட்டு" என்று, அதுவும் பிடித்திருக்கிறது என்று, அவள்தான் சொன்னாள்.

நான் துவைக்கிறவன், மச்சான். விரிப்பின் மூலையில் மஞ்சள் பொட்டளவு கறை இருந்தாலும் லாட்ஜ்காரன் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவான். கறையில்லாமல் கொடுப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நல்லது. அந்தப் பெண்ணின் பாட்டையும் அப்படித்தான் பார்த்தேன். உன் எதிரிலேயே சொன்னேன்: "அவருக்குக் கை சரியில்லம்மா. என்னோடதையே ரெண்டு பக்கமும் போட்டுக்க."

நிம்மி உன்னைப் பார்த்தாள். நீ ஒற்றைக் கையால் துண்டைப் பிழிந்துகொண்டே சிரித்தாய். "ஆமா மோளே, அவனோடதே போடு. எனக்கு வயித்துக்குச் சோறு போட்டா போதும், பாட்டுல எல்லாம் போட வேணாம்." அதோடு பேச்சு முடிந்தது. நீ அடுத்த விரிப்பைத் தொட்டியில் முக்கினாய்.

ஊர் திறந்த பிறகு பாட்டு வந்தது. அவள் துறைக்கே வந்து போட்டுக் காட்டினாள். நீ குனிந்து போனில் காதை வைத்துக் கேட்டாய்.

"ரெண்டு கல்லும் நீயாடா?"

"ஆமா மச்சான்."

"நல்லாத்தான் இருக்கு. ஒரு சொட்டு தெறிக்கல."

ஆட்டோவில் ஓடியது, சாயாக் கடையில் ஓடியது, மீன் விற்கிற பையன்கள் பாடினார்கள். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் முகம் வாடி வந்தாள். பாட்டு கேட்டு எழுதுகிறவர்கள் எழுதியிருக்கிறார்களாம். ஒருவர், இவளும் சந்தைக்கு வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அவளுடைய பழைய சங்கீதத்தை மெச்சியவர், அவர் எழுதியதுதான் அவளை வாட்டியது. உட்கார்ந்து வாசித்தாள். எழுத்து தெரியாதவனுக்குக் காதில் விழுந்தது போகாது. "மெட்டு மனசில் நிற்கிறது. தாளம்தான் செத்துக் கிடக்கிறது. துணி துவைக்கும் ஓசை என்கிறார்கள், எனக்குக் கேட்பது மிஷின். எங்காவது ஒரு கை பிசகியிருந்தால், ஒரு அடி பிந்தி விழுந்திருந்தால், இதற்குள் ஆள் இருக்கிறார் என்று நம்பியிருப்பேன்."

நான் குனிந்து விரிப்பைப் பிழிந்தேன். நீதான் வாயைத் திறந்தாய்.

"அந்த ஆளு என்னையில்ல தேடுறாரு, மோளே."

பக்கத்துக் கல்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிம்மி சிரிக்கவில்லை.

மறுநாள் நான் விரிப்பைத் தூக்கியபடி உன் அடிக்காக நின்றேன். "எனக்காக நிக்காதே. உம்பாட்டுக்கு அடி" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் துறையின் கடைசிக் கல்லுக்குப் போய்விட்டாய். அங்கேதான் வெயில் நல்லா விழுது என்று எல்லோரிடமும் சொன்னாய். அங்கே தூங்குமூஞ்சி மரத்து நிழல் விழும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். நான் வந்து கூப்பிட்டிருக்கலாம். நாளைக்குக் கூப்பிடலாம், சம்பந்தி வீட்டு விசேஷம் முடியட்டும் என்று தள்ளினேன். நீ படுக்கையில் விழும்வரை அந்தக் கல்லில்தான் தனியாக அடித்தாய். தினமும் வேலையில் உனக்காகக் கை தூக்கி நின்றவன், ஊர் கேட்கப் போகிற இடத்தில் நிற்கவில்லை. அதை நீ ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் நிம்மி வந்தாள். உன் அடிகளை அழிக்காமல் வைத்திருக்கிறாள். உன்னைச் சேர்த்து அந்தப் பாட்டை மறுபடி போடலாமா என்று கேட்டாள். எழுதினவருக்குப் பதில் சொல்லவா என்றேன். "இல்ல சேட்டா, அவர் எழுதினது சரி" என்றாள். துறையில் நின்றே போட்டுக் காட்டினாள். 'ஹூம்'. பிறகு அந்தச் சின்ன இடைவெளி. என் கை தானாக மேலே போய்விட்டது, மச்சான். ஈர விரிப்பின் தண்ணீர் முழங்கை வழியாக இறங்குகிறது, நான் நிற்கிறேன். இப்போதும் பக்கத்துக் கல் காலியாகக் கிடக்க அப்படித்தான் நின்று நின்று அடிக்கிறேன். இளையவர்கள் எனக்கும் கை போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

போடலாம் என்று சொல்ல நான் யார். "அவர் வீட்டுல கேளும்மா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். செல்லம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. முறத்தில் அரிசியைத் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொல்லவில்லை. நிம்மி போனைத் திண்டில் வைத்துப் போட்டாள். மூச்சு வந்ததுமே செல்லம்மாவின் விரல் நின்றது. நான்கைந்து அடி கேட்டாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணே, இவர் மட்டும் தனியா அடிக்கிறாரே. நீ எங்கே போனே?"

நிம்மிக்குத் தமிழ் முழுதும் புரியாது, ஆனாலும் போனை அணைத்துவிட்டாள். செல்லம்மா மறுபடி அரிசியில் கை வைத்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

பாட்டு மறுபடி வருமா என்று தெரியாது. செல்லம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வந்தால் ஊரெல்லாம் கேட்கும், எழுதுகிறவர்கள் மாற்றி எழுதுவார்கள். ஆனால் மூச்சு ஒன்றைக் கேட்டே அது நீ என்று சொல்லக்கூடியவர்கள், கிழக்குக் கல் சின்னப்பன், உன் அண்ணன், என் அப்பா, எல்லோரும் போய்விட்டார்கள். உன் அடியை எடுக்கச் சொன்ன என்னை அதில் சேர்க்காதே. மிச்சம் உயிரோடு இருப்பது ஒருத்திதான், மச்சான். செல்லம்மா.