நாலாம் கூண்டின் மொட்டைப் பாறை

மார்ச் 3, செவ்வாய்

முதியோர் வகுப்பில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று பத்து வரி எழுதத் திட்டம். இதோ முதல் வரி முடிந்தது. இவள் (என் மனைவிதான்) அடுப்பில் வைத்த உலை கொதித்தும் விட்டது.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐம்பது வருஷம் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டினேன். முதுகு மறுத்த பிறகு, இந்த இரண்டு வருஷமாகக் கடலோரப் பாறையில் பன்னிரண்டு கம்பிக் கூண்டுகளுக்குக் காவல். கம்பிவலையைத் துடைக்க வேண்டும். யாரும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் துடைக்கும் நாள். நாலாம் கூண்டுக்குத் தாழ் தேய்ந்துவிட்டது, மூடி கையோடு வந்துவிடும். அதனால் அதை மட்டும் உள்ளேயும் சுரண்டிப் பளிச்சென்று வைத்திருக்கிறேன். யாரும் சொல்லிச் செய்வதல்ல. வேலை என்றால் அப்படித்தான்.

மார்ச் 4, புதன்

மழை. ‘மழை’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

மார்ச் 7, சனி

சனிக்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா வருவார். இந்தக் கூண்டுகள் அவருடையவை. நான் ‘டாக்டரம்மா’ என்றால், “இன்னும் ஆகல ஐயா. இந்த ஆராய்ச்சி முடிஞ்சாத்தான்” என்பார். ஆகப் போகிறவர்தானே, முன்கூட்டியே கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

அவர் சொல்லித்தான் பாறையின் கதை எனக்குத் தெரியும். கடலுக்குள்ளும் மேய்ச்சல் உண்டாம். உடம்பெல்லாம் முள்ளாய், பந்து மாதிரி இருக்கும் முள்ளுருண்டைக்கு அடிப்பக்கம் ஐந்து பல். நகர்ந்துகொண்டே பாறையைச் சுரண்டித் தின்னும். என் தொழில்தான், கூலி மட்டும் கிடையாது. எட்டு முள்ளுருண்டைகளை விட்டு மூடிய கூண்டில் பாறை மொட்டை. எதையும் உள்ளே விடாமல் மூடிய கூண்டில் பாசி முழங்கால் உயரம். அதற்குள் குஞ்சு மீன், இறால், பொத்தான் அளவு நண்டு என்று ஒரு ஊரே குடியிருக்கிறது.

நாலாம் கூண்டில்தான் சிக்கல். அதில் எதையும் விடவில்லை. ஆனாலும் மொட்டை. குடியிருக்க ஒரு நண்டு கூட இல்லை.

“உள்ள ஏதோ புகுந்து மேயுது ஐயா. பாறையில இழுத்த கோடு இருக்கு. நல்ல பலமான பல்லு.”

“நான் பாத்து ஒண்ணும் உள்ள போகலம்மா” என்றேன். உண்மைதான்.

“அப்ப ராத்திரி வருது.” இரவில் படம் எடுக்கும் கேமரா ஒன்றைக் கூண்டின் மேல் கட்டினார். தினமும் காலையில் கழற்றி, துடைத்து, பத்திரமாக வைக்கும் பொறுப்பு எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு நாலாம் கூண்டைச் சுரண்டினேன்.

மார்ச் 14, சனி

கேமராவில் ஒன்றும் விழவில்லை. டாக்டரம்மாவுக்கு ஏமாற்றம் இல்லை, குஷி. “கேமராவையே ஏமாத்துதுன்னா பாத்துக்கோங்க!”

மார்ச் 15, ஞாயிறு

படிக்க வீட்டில் எதுவும் பாக்கி இல்லை. சோப்பு உறை, மாத்திரை அட்டை, தீப்பெட்டி எல்லாம் முடிந்தது. தகரப் பெட்டியைக் குடைந்தேன். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த காகிதம் கிடைத்தது. இரண்டு வருஷமாக மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

பத்து வரி. ஓர் இடத்திலும் நிற்காமல் படித்தேன்! எழுந்துபோய் இவளிடம் சொன்னேன். ஓடும் பஸ்ஸிலிருந்தே கடைப் பலகைகளைப் படிப்பவள் இவள். எனக்கு பஸ் நிற்க வேண்டும். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

“சரி, என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

படிக்கிற சந்தோஷத்தில் அதை நான் பார்க்கவில்லை. திரும்பப் போய்ப் படித்தேன். ஆறாவது வரி: ‘கம்பிவலையின் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கவும். கூண்டுக்குள் எதையும் தொடவோ, எடுக்கவோ, சுரண்டவோ கூடாது.’

கீழே என் கைரேகை. மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

“என்னங்க, என்ன எழுதியிருக்கு?”

“கூண்டப் பத்தி” என்றேன்.

மார்ச் 16, திங்கள்

நான்தான்.

நாலாம் கூண்டை மேய்ந்தது நான்தான். வாரம் இரண்டு முறை, பட்டப்பகலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அந்த அம்மா ஒவ்வொரு சனியும் அங்குலம் அங்குலமாக அளந்தது என் கைவேலையை. பலமான பல்லாம்! என் வாயில் மிச்சம் இருப்பது ஆறு.

இதை யாரிடம் சொல்வது? இங்கே எழுதி வைக்கிறேன். எழுத்துக்குள் போட்டால் பூட்டிய மாதிரி. எழுபது வருஷம் எனக்கு அப்படித்தானே இருந்தது.

மார்ச் 21, சனி

டாக்டரம்மா எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தார். நீல மை, தங்க நிறக் கொக்கி. எதற்கு என்று கேட்டேன். “இந்த நாலாம் கூண்டுக்காகத்தான் ஐயா! இது யாருமே பாக்காத ஜீவனா இருக்கலாம்னு எங்க பேராசிரியர் சொல்றார். அடுத்த மாசம் பெரிய கூட்டத்துல அதப் பத்தித்தான் பேசப் போறேன். ஒரு அத்தியாயமே எழுதியாச்சு.”

வாயைத் திறந்தேன். பிறகு அவருடைய குடையைத்தான் விரித்தேன்.

ஒரு வாரமாக நான் சுரண்டவில்லை. நாலாம் கூண்டில் பச்சையாக, சவரம் செய்யாத கன்னம் மாதிரி, முளை விட்டிருந்தது. அவர் குனிந்து பார்த்துக் கத்தினார். “வளருது! அது போயிடுச்சு போலிருக்கே!”

அது எங்கும் போகவில்லை அம்மா. பக்கத்தில் நின்று உங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறது.

சொன்னால் வேலை போகும். அவருடைய இரண்டு வருஷமும் போகும். சொல்லாவிட்டால் அத்தனை படித்தவர்கள் முன்னால் நின்று, என்னை ஒரு புது ஜீவன் என்று சொல்வார். நாளைக்கு எவனாவது தேடி வந்து பார்த்தால்? யாருக்குக் கெட்ட பேர்?

பேனா நன்றாக எழுதுகிறது. அதுதான் இன்னும் சங்கடம்.

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே இவள் கேட்டாள்: “போதுமா? இன்னும் மேயறீங்களா?”

“நோட்ட எடுத்தியா?”

“திறந்து வெச்சுட்டுப் போனா படிக்க மாட்டாங்களா? இதுக்குத்தானே ரெண்டு பேரும் வகுப்புக்குப் போறோம்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவர் இருக்கிறார் என்பது! என்னைவிட நன்றாகவே தெரிந்தவர்.

“அந்தப் பொண்ணு நம்பிப் பேனா வாங்கிக் குடுத்திருக்கு. ஊர் முன்னால அத முட்டாளாக்கப் போறீங்களா? சொல்லிடுங்க.”

“வேலை போயிடும்டீ.”

“போனாப் போகுது. படகுல பாசி புடிக்கிறது நின்னா போச்சு?”

“நேர்ல வாய் வரல.”

“வாய் எதுக்கு? கை எதுக்கு இருக்கு?”

மார்ச் 27, வெள்ளி

மூன்று நாளாக ஒரு கடிதம். என் ஆயுளில் முதல் கடிதம். நாலு வரி: ‘அம்மா, நாலாம் கூண்டை மேய்ந்தது நான். சுத்தமாக இருக்கட்டும் என்று உள்ளே சுரண்டினேன். மற்ற கூண்டுகளின் மூடி திறக்காததால் அவை தப்பின. மன்னிக்கவும்.’

கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. விஷயம்தான் சரியில்லை.

மார்ச் 28, சனி

கொடுத்தேன். நின்றபடி படித்தார். பிறகு ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்தார். அலை வந்து செருப்பை நனைத்தது. நகரவில்லை.

“எதால சுரண்டினீங்க?”

மடியிலிருந்து தகட்டை எடுத்துக் காட்டினேன். படகுக் காலத்துத் தகடு.

“வாரத்துக்கு?”

“ரெண்டு தடவ. அரை மணி நேரம்.”

“ரெண்டு வருஷமா?”

“காய்ச்சல்ல படுத்த ஒரு வாரம் தவிர.”

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “இப்ப எதுவும் பேச வேணாம் ஐயா” என்று எழுந்து போனார். கடிதத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். குடையை மறந்துவிட்டார்.

ஏப்ரல் 4, சனி

வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

வரவில்லை. நாலாம் கூண்டில் பாசி விரல் நீளம். கை அரிக்கிறது. பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

வந்தார். குடையைக் கொடுத்தேன்.

“கூட்டத்துக்குப் போனீங்களாம்மா?”

“போனேன். உங்கள விட்டுட்டு மீதியப் பேசினேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. யாரும் கேள்வியே கேக்கல.” பேராசிரியர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிப் புத்தகம் ஆறு மாதம் தள்ளிப்போகிறதாம். என்னால்தான்.

நாளையிலிருந்து வர வேண்டாமா என்று கேட்டேன்.

“வராம? நாலாம் கூண்ட ரெண்டாப் பிரிக்கிறேன். வலப்பக்கம் தொடக் கூடாது. இடப்பக்கம் வழக்கம்போல செவ்வாய், வெள்ளி, அதே தகடு, அதே அரை மணி. மேய்ச்சல் நின்னா பாறை எப்படித் திரும்புதுன்னு பாக்கணும். மேய்ஞ்சவரே கூட இருக்கிற வசதி யாருக்குக் கிடைக்கும்?”

வேலைக்கான புதுக் காகிதம் ஒன்று கொடுத்தார். இரண்டு முறை படித்தேன். ஐந்தாவது வரியில் சந்தேகம் கேட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 17, சனி

புத்தகம் வந்துவிட்டது. இன்று டாக்டரம்மா நிஜமாகவே டாக்டரம்மா. கூப்பிட்டேன். “ஆமா” என்றார், முதல் தடவையாக.

பெரும்பாலும் கடினமான வார்த்தைகள். ஆனால் எண்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல். விரல் வைத்துப் படித்தேன். கூண்டு இரண்டு: மேயும் உயிர், முள்ளுருண்டை, எண்ணிக்கை, எட்டு. கூண்டு மூன்று: நத்தை, இருபது. கூண்டு நான்கு, இடப்பக்கம்: மனிதர், ஒன்று.

இவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எனக்கு முன்னாலேயே படித்து முடித்துவிட்டாள். “ஒண்ணோட நின்னுதே. இன்னொண்ணு இருந்தா கடலே மொட்டை.”

மாலையில் டாக்டரம்மா நாலாம் கூண்டின் இடப்பக்கத்தில் எட்டு முள்ளுருண்டைகளை விட்டார். என் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. தகட்டை வீட்டில் வைத்துவிடலாம் என்றார். கொஞ்ச நேரம் நின்று அவை வேலை செய்வதைப் பார்த்தேன். என் அரை மணி நேர வேலைக்கு எட்டும் சேர்ந்து ஒரு வாரம் எடுக்கும் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. வலப்பக்கம் பாசி முழங்கால் உயரம் அசைந்துகொண்டிருக்கிறது, நடுவில் ஒரு வலை மட்டும். அதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும். வெளியிலிருந்துதான்.