அரும்பொட்டுக் கோசலா

6 மார்ச் 2004, சனி

மேலாளர் ஸ்ரீனிவாசன் இன்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் எங்கள் அலுவலகம் ரூவியில் இல்லை, நகரத்துக்கு வெளியே ருசைலுக்குப் போகிறது. "அங்க பஸ் வசதி கிடையாது கோசலா. லைசன்ஸ் எடுத்துட்டா கம்பெனி கார் தரேன். இல்லேன்னா விசா கேன்சல்தான்."

இந்த வளைகுடா நாட்டின் டிரம் டெஸ்டில் ஏற்கனவே இரண்டு முறை தோற்றவள் நான். இரும்பு டிரம்களுக்கு நடுவே காரை ரிவர்ஸில் விடவேண்டும். ஒன்று விழுந்தாலும் பெயில். இந்த மாதத்துக்குள் எடுப்பேன். விடுவேனா!

9 மார்ச், செவ்வாய்

மூன்றாவது பெயில். சனியன் பிடிச்ச டிரம்!

12 மார்ச், வெள்ளி

யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். அழவில்லை. "நீ எப்பவும் அரும்பொட்டிலைதானே பிள்ளை பாஸ் பண்ணுறனீ. பயப்பிடாதை" என்றா அம்மா. ஆறுதலாம்!

பொய்யில்லைத்தான். ஓ.எல். பரீட்சையில் கணக்கு, அரும்பொட்டு. இந்த வேலையும் அப்படித்தான். முதலில் தெரிவான பெண் கலியாணம் கட்டிப் போனதால் கிடைத்தது. பக்கத்து மேசை மெஹர்பானு கீழக்கரைக்காரி, அவள் இதை "ஜஸ்ட் பாஸ்" என்பாள். எந்தப் பெயரில் வந்தால் என்ன, லைசன்ஸ் வரட்டும்.

23 மார்ச், செவ்வாய்

பாஸ்! பாஸ்!

பின்சில்லு உரசி டிரம் ஆடியது. பொலிஸ்காரர் டிரம்மைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அது ஆடி ஆடி, விழாமல் நின்றது. "கலாஸ், யல்லா" என்றார், முடிந்தது, போ என்று. அந்தத் துணிச்சலிலேயே ரோட் டெஸ்டும் முடிந்தது.

மெஹர்பானு ஹல்வா வாங்கித் தந்தாள். "ஜஸ்ட் பாஸ் ராணி!" நானும் சிரித்தேன். ஆனாலும் — பாஸ் பண்ணியது நானா, அந்த டிரம்மா?

4 ஏப்ரல், ஞாயிறு

ருசைல். வெள்ளைக் கார். ஏசி வேலை செய்யவில்லை. பரவாயில்லை.

15 ஜூன், செவ்வாய்

காலையில் மெஹர்பானுவை ஏற்றிக்கொண்டு போகையில், ருசைல் ரோட்டில் ஒரு லொறி, சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. அதன் சில்லு திரும்பத் தொடங்கும்போதே கண்டுவிட்டேன். கால் பிரேக்கில் இருந்தது. கண்ணாடியில் பின்னால் யாருமில்லை. அழுத்தினேன். லொறிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்.

மெஹர்பானு கண்ணைத் திறக்கவில்லை. "யா அல்லா, நூலிழையில தப்பிச்சோம் கோசலா!"

"நூலிழையுமில்லை, அரும்பொட்டுமில்லை. பாத்துத்தான் பிரேக் பிடிச்சனான்."

எட்டு மணிக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்மாவுக்கு இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "பாத்தியே, இதுவும் அரும்பொட்டு" என்பா.